கழற்றுவதற்கு முன்: பழைய லேண்ட் ரோவரை வீட்டு வாசலில் சீரமைப்பது எப்படி?

“அண்ணே, வண்டியை முழுவதும் கழற்றிவிட்டேன். அடுத்து என்ன செய்வது?”

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது இப்படி ஓர் அழைப்பு வருகிறது. கோலாலம்பூரில் செந்தூலிலும் கெப்போங்கிலும் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வீடுகளின் வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, வாங்கிய முதல் வாரத்தின் உற்சாகத்தில் உதிரி உதிரியாகப் பிரிக்கப்பட்டவை. எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது மூன்றே மாதத்தில் மறந்துவிடும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் நட்டு டப்பாவை எங்கோ நகர்த்தி வைப்பார்கள். பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்பார்.

ஆகவே புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, வண்டியைச் சக்கரத்தில் நிற்கும் வண்டியாகவே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் கழற்றிச் சரிசெய்து திரும்பப் பூட்டுங்கள் என்பதுதான். முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், அழகு கடைசி. இங்கே நான் பெரும்பாலும் லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளைப் பற்றி, அதாவது 1958 முதல் 1985 வரை வந்த இரண்டு, இரண்டு ஏ, மூன்று ஆகிய வகைகளைப் பற்றி எழுதுகிறேன். என் கை பழகியது அவற்றில்தான். டொயோட்டா எஃப்ஜே40 வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுவே. வேறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

வாங்கப் போகும்போது ஒரு சிறு சுத்தியல்

லேண்ட் ரோவர் முதன்முதலாக ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது 1948 ஏப்ரல் 30 அன்று. அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இராணுவத்தோடும் போலீசோடும் தோட்டத் துரைகளோடும் இந்த வண்டி நம் மண்ணுக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றி ஏற்றியே தேய்ந்த லேண்ட் ரோவர்களைப் பார்க்காதவர் குறைவு. இன்று விற்பனைக்கு வருபவற்றில் பல இப்படி உழைத்துக் களைத்தவைதான்.

போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்படுத்தினார்கள். இதைக் கேள்விப்பட்டவுடன் புதியவர்கள், “அலுமினியம் துருப்பிடிக்காது அல்லவா?” என்று மகிழ்ந்துபோய் உடலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். உடலைத் தாங்கும் சேசி இரும்பு. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவரும் இரும்பு. வண்டியின் உயிர் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

பழைய உடையில் போங்கள். ஒரு சிறு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் படுத்து, சேசியின் பின் குறுக்குச் சட்டத்தையும், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் காதுகளையும், பக்கவாட்டில் நீளும் கைகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்துப்போன இரும்பு ஈர மரத்தைத் தட்டியதுபோல் மந்தமாகச் சத்தம் தரும். சேசி ஒரு பெட்டிக் குழாய் என்பதால் துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அடிப்பாகம் முழுவதும் புத்தம்புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். பிறகு தடுப்புச் சுவரின் பாதக்குழிகளையும், கதவுத் தூணின் அடியையும் பாருங்கள். மழை நீர் தங்கும் இடங்கள் அவை.

எஃப்ஜே40-இன் உடலும் இரும்புதான். கூரையின் மழைநீர்க் காலும், பின் பக்கவாட்டுத் தகட்டின் கீழ்ப்பகுதியும் முதலில் போகும். அதற்கு ஈடாக, எஞ்சின் பக்கம் அது கொடுக்கும் தொல்லை குறைவு.

இவ்வளவு பார்த்தாலும் காகிதம் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் எழுதியிருக்கும் சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பவையோடு ஒத்துப்போக வேண்டும். சீரிஸ் வண்டிகளில் சேசி எண் வலது முன் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துப் படியுங்கள். அரவைக் கல்லை அங்கே கொண்டுபோகாதீர்கள், எண்ணே போய்விடும். என் சித்தப்பா மகன் ஒருவன் பகாங்கிலிருந்து அழகான ஒரு வண்டியைக் கொண்டுவந்தான். எப்போதோ யாரோ சேசியை மாற்றியிருந்தார்கள், அதைப் பதிவு செய்யவில்லை. பெயர் மாற்றத்துக்கான சோதனையில் வண்டி நின்றுவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் எண் ஒத்துப்போகாத வண்டியைத் தொடாதீர்கள்.

நம் ஊர் லேண்ட் ரோவர்களில் பலவற்றின் உள்ளே ஜப்பானிய டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அது கிராண்டில் முறையாகப் பதிவாகியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அசல் எஞ்சின்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். மலை ஏறும் வண்டி எனக்குப் போதும்.

இடம், கருவி, அளவு

வீட்டு முன் கார் நிறுத்தும் கொட்டகை போதும். தரை சிமெண்டாக, சமமாக இருக்க வேண்டும். ஒரு நல்ல ஜாக், அதோடு குறைந்தது இரண்டு தாங்கிகள் வாங்குங்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. செங்கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். செங்கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்.

இதில் சீரிஸ் வண்டிக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. இதன் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. எஞ்சின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கிறது. அங்கிருந்து பிடி, இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டீர்கள் என்றால் அந்தச் சக்கரம் சும்மா சுழலும், தரையில் இருக்கும் சக்கரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை, வண்டி உருளும். ஆகவே ஜாக்கைத் தொடும் முன் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். எனக்கு இது தெரிய வந்த விதத்தைச் சொல்வதற்கில்லை. பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிகளுக்கு விலை கொடுத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்பானர் விஷயத்துக்கு வருவோம். என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய பெட்டியில் இருந்த ஸ்பானர்களில் பாதி ‘விட்வொர்த்’ அளவு. சிறுவனாக இருந்தபோது அந்த எண்கள் எனக்குப் புரியவே இல்லை. கால் அங்குலம் என்று எழுதியிருக்கும், வாயோ அரை அங்குலத்துக்கும் மேல் அகலமாக இருக்கும். அந்த எண் போல்ட்டின் தண்டைக் குறிக்கிறது, தலையை அல்ல என்று அப்பா சொன்ன அன்றுதான் விளங்கியது. பழைய சீரிஸ் வண்டிகளில் போல்ட்டின் மறைகளில், அதாவது திருகுப் புரிகளில், பிரிட்டிஷ் அளவும் அமெரிக்க அளவும் கலந்து கிடக்கும். அமெரிக்க மறை போல்ட்டுகளுக்கான ‘ஏஎஃப்’ ஸ்பானரில் எழுதியிருக்கும் எண் தலையின் அகலம். கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானர் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும். 9/16 அங்குலம் என்ற அளவு 14.29 மில்லிமீட்டர் என்பதால், 14 போகாது, 15 ஆடும். அந்த ஆட்டத்தில்தான் போல்ட்டின் தலை உருண்டையாகிறது. ஒரு முழு ஏஎஃப் செட் வாங்குங்கள். விட்வொர்த் நான்கைந்து அளவு போதும். பழைய பொருள் சந்தைகளில் அதிகாலையில் தேடினால் கிடைக்கும். பெட்டாலிங் தெருப் பக்கத்துப் பழஞ்சந்தைக்குப் ‘பசார் காராட்’ என்று பெயர், அதாவது துருச் சந்தை. நம் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கடை உண்டா?

மற்றபடி கைப்பேசிக் கேமரா, ஒட்டுத்தாள், பேனா, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள். எதைக் கழற்றும் முன்பும் மூன்று படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் கழற்றிய துளையிலேயே இரண்டு மறை திருகி விடுங்கள்.

பழைய டயர்களை மழையில் போடாதீர்கள். கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் விழும். வடித்த கறுப்பெண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். நம் நாட்டில் அது பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றினால் அது கிள்ளான் ஆற்றில்தான் போய்ச் சேரும்.

முதல் வேலை பிரேக்

எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். கிளம்பிய வண்டியை யாரும் நிறுத்தி வைத்திருப்பதில்லை, ‘தெருமுனை வரை’ என்று ஓட்டிப் பார்த்தே தீருவார்கள்.

நான்கு டிரம்களையும் கழற்றுங்கள். அந்தக் காலத்துப் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்முக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. முகக்கவசம் அணிந்து, சோப்பு நீர் தெளித்து நனைத்து, துணியால் வழித்து, பையில் கட்டி எறியுங்கள்.

ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், மூன்று நெகிழ் குழாய்கள். ‘இது நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற பேச்சே வேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. கோலாலம்பூரின் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பத்தாண்டு நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளே குழி குழியாக அரித்திருக்கும். இரும்புக் குழாய்களில் துரு தென்பட்டால் செம்பு-நிக்கல் குழாய் வளைத்துப் போடுங்கள். கையால் வளையும், துருப்பிடிக்காது.

சீரிஸ் வண்டியில் ஷூவைச் சரிசெய்ய, டிரம்முக்குப் பின்னால் தகட்டில் ஒரு சிறு அறுமுகத் தலை இருக்கும். அதன் உட்பக்கம் நத்தை ஓடுபோல் சுழன்ற வடிவம். சக்கரம் சுழலாமல் நிற்கும்வரை திருப்பி, பிறகு தடையின்றிச் சுழலும்வரை மட்டும் பின்வாங்குங்கள். அதற்குப் பிறகு காற்று வெளியேற்றுவது. மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலக்கை ஓட்டு வண்டியில் அது இடது பின் சக்கரம். ஒருவர் மிதிக்க, ஒருவர் திருக வேண்டும். “மிதி… பிடி… விடு” என்று மூன்றே சொற்கள். என் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது இதற்கு ஐந்து வெள்ளி கூலி வாங்கினாள், ஒவ்வொரு சக்கரத்துக்கும். பெடல் உயரமாகவும் கல்போலவும் நின்றால் வேலை முடிந்தது. பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

எஞ்சினை எழுப்புதல்

ஆண்டுக்கணக்கில் உறங்கிய எஞ்சினுக்குப் பேட்டரியைக் கொடுத்துச் சட்டென்று சுழற்றினால் பிஸ்டன் வளையங்கள் உடையலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, ஓரிரவு விடுங்கள். மறுநாள் கையால் சுழற்றுங்கள். சீரிஸ் வண்டிக்கு முன்னால் கைப்பிடி சொருகித் திருப்பும் வசதி இருப்பது இதற்குப் பெரிய வரம். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு தப்பிக்கும். சுழன்ற பிறகு பிளக்குகளைத் திரும்பப் போட்டு, நான்கு சிலிண்டரும் ஒரே அளவு எதிர்க்கின்றனவா என்று கையிலேயே உணர்ந்து பாருங்கள்.

பழைய கறுப்பெண்ணெயை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள். 2.25 லிட்டர் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும். எரிபொருள் தொட்டியைக் கழற்றிக் கழுவாமல் புதுப் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அடியில் கிடக்கும் துரு கார்புரேட்டரில் வந்து உட்காரும், பிறகு கார்புரேட்டரைக் குறை சொல்வீர்கள். பெட்ரோல் ரோன்95 போதும், இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 7 அல்லது 8-க்கு 1 தான். ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு இருக்கையைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அது பெரிய ஆபத்தில்லை. வால்வு இடைவெளி மாதாமாதம் தானாகக் குறைந்துகொண்டே போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

டீசல் வண்டி என்றால் வேறொரு கவனம். 2019-இல் நம் பம்புகளின் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பகுதி பத்து விழுக்காடாக உயர்ந்தது. அது பழைய ரப்பர் குழாய்களை மெல்ல மென்மையாக்கும். தொட்டியில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த அழுக்கையும் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். குழாய்களை மாற்றுங்கள், முதல் சில மாதங்களுக்குக் கூடுதல் ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

இனி நேரம் பிடிக்கும் வேலை, வால்வு இடைவெளி. இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஆனால் இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு, ஒன்பதின் கணக்கு. முன்னிருந்து பின்னாக வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாவது வால்வு முழுதாகக் கீழே அமுங்கியிருக்கும் நேரத்தில் ஒன்றாவது வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழு அமுங்கியிருந்தால் இரண்டு, ஆறு என்றால் மூன்று, ஐந்து என்றால் நான்கு, மறுபுறமும் அப்படியே. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி எல்லாவற்றுக்கும் 0.25 மில்லிமீட்டர். அளவுத் தகடு வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, சிறு இழுவையோடு போக வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் முனைகளுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக் கம்பிகளின் வரிசை 1-3-4-2. இதை ஒரு தாளில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மழையில், இருட்டில், ஏதோ ஓர் உலு லங்காட் காட்டோரத்தில் நினைவு கைவிடும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். ‘நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை’ என்று அதைக் கழற்றி எறிவது. எஞ்சின் வேண்டிய வெப்பத்துக்கு வரவே நெடுநேரமாகும். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். ஜாலான் ஈப்போ நெரிசலில் சூடேறுகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் அடைத்துக்கொண்ட ரேடியேட்டரில் இருக்கும். அதைக் கழற்றி உட்கூட்டைப் புதுப்பிக்கக் கொடுங்கள்.

மின்சாரம்

முதல் கேள்வி, எந்த முனை பூமி? 1960-களின் பிற்பகுதி வரை வந்த சீரிஸ் வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் சேசியோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. இது தெரியாமல் புதுப் பேட்டரியையோ ரேடியோவையோ மாட்டினால் புகை வரும். இடையில் யாராவது மாற்றியுமிருக்கலாம், கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கம்பிகளின் நிறத்துக்கு ஒரு மொழி உண்டு. பழுப்பு என்றால் எப்போதும் உயிருள்ளது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறும். பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. சிவப்பு சிறு விளக்குகளுக்கு, நீலம் முகப்பு விளக்குகளுக்கு, கறுப்பு பூமிக்கு. முந்தைய மெக்கானிக்குகள் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த ஒட்டுகளைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை.

மங்கலான விளக்கு, கிறுக்குப் பிடித்த எரிபொருள் முள், இடப்பக்கம் சைகை காட்டினால் பின் விளக்கும் சேர்ந்து துடிப்பது: இவற்றுக்கெல்லாம் புதிய உதிரி வாங்கும் முன் பூமி இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள். அலுமினியத் தகட்டில் திருகிய பூமிக் கம்பி சில ஆண்டுகளில் வெண்பொடி பூத்து மின்சாரத்தைத் தடுத்துவிடும். எஞ்சினிலிருந்து சேசிக்கு ஒன்று, சேசியிலிருந்து பேட்டரிக்கு ஒன்று எனத் தடித்த புதுக் கம்பிகள் போடுங்கள். ஃபியூஸ்கள் மிகக் குறைவாக உள்ள வண்டி இது. முகப்பு விளக்குகளுக்குத் தனியாக ஃபியூஸும் ரிலேயும் சேர்ப்பதை நான் அசலுக்குச் செய்யும் துரோகமாக நினைப்பதில்லை.

துருவும் வெல்டிங்கும்

எது உங்கள் வேலை, எது உங்கள் வேலை இல்லை என்பதை இங்கே முதலில் பிரியுங்கள். ஸ்பிரிங் தொங்கும் காது, ஸ்டீயரிங் பெட்டி பிடித்திருக்கும் இடம், சேசியின் முதன்மைச் சட்டம் ஆகியவற்றைத் தொழில் தெரிந்த வெல்டரிடம் கொடுங்கள். பாதக்குழித் தகடு, பக்கவாட்டுக் கைகள் போன்றவற்றில் நீங்கள் பழகலாம். ஆனால் அதற்கு முன் கழிவுத் தகட்டில் ஒரு வாரம் பழகுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டியுங்கள். குட்டை வண்டியின் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அதைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைக்காமல் தீப்பொறியைக் கிளப்பாதீர்கள். காலியான தொட்டி நிறைந்த தொட்டியைவிட மோசம், ஆவி அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்புக் குப்பியும் வேண்டும்.

நம் ஊரில் நேரக் கணக்கு முக்கியம். காலையில் சுரண்டிப் பளபளவென்று வைத்த இரும்பு மாலை மழைக்குப் பிறகு காப்பி நிறமாகிவிடும். அன்று பிரைமர் பூச முடியும் அளவுக்கு மட்டுமே அன்று சுரண்டுங்கள். உதிரும் துருவை நீக்கி, மிச்சத் துருவைக் கெட்டியான படலமாக்கும் ‘துரு மாற்றி’த் திரவத்தைத் தடவி, துத்தநாகப் பிரைமர், அதன் மேல் வண்ணம். அடைபட்ட வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, பல்லாண்டுச் செம்மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு துளைகள் வழியாக உட்புறம் மெழுகு தெளியுங்கள். என் வண்டியின் சேசியிலிருந்து இரண்டு வாளி மண் வந்தது. அதில் ஒரு கத்தரிச் செடியே வளர்த்திருக்கலாம்.

அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், ஒரு சிறு பேட்டரிபோல் வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். திரும்பப் பூட்டும்போது நடுவில் பசைபோன்ற தடுப்புக் கலவையோ மெல்லிய ரப்பரோ வையுங்கள்.

அச்சுகளும் எண்ணெய் ஒழுக்கும்

முன் சக்கரங்களுக்குப் பின்னால் மின்னும் குரோம் உருண்டைகளைப் பாருங்கள். அவை குழிவிழுந்திருந்தால் எந்தப் புது சீலும் எண்ணெயை நிறுத்தாது, உருண்டையையே மாற்ற வேண்டும். கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி, இரண்டு டிஃபரன்ஷியல்கள், இரண்டு உருண்டைக் கூடுகள் என ஆறு இடத்திலும் 90 கிரேடு கியர் எண்ணெய். முதலில் மேல் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கீழ் மூடியைத் திறந்து வடியுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள், எண்ணெய் இல்லாத பெட்டியோடும் திறக்காத மூடியோடும் ஞாயிறு மாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சக்கர ஓட்டம், சிவப்பு நெம்பைப் பின்னுக்கு இழுத்தால் தாழ்வேகம். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தில் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், ஏதோ ஒன்று உடையும். சேறு, மணல், புல் ஆகியவற்றில் மட்டும் பயன்படுத்துங்கள்.

வண்ணம், காகிதம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிக்கும் இரு கலவை வண்ணங்களில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்கு நஞ்சு. காகிதக் கவசம் அதைத் தடுக்காது. தயாரிப்பு வேலையை வீட்டில் செய்து, அடிப்பதைச் சாயப் பட்டறையிடம் விடுங்கள். அலுமினியத்துக்கு அதற்கென்று உள்ள பற்றுப் பிரைமர் இல்லாவிட்டால் வண்ணம் அப்பளம்போல் உரியும். கிராண்டில் இருக்கும் நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்துப் பதிய வேண்டும். எஞ்சின் மாற்றினாலும் அப்படியே, சோதனையும் உண்டு. ரசீதுகளை எல்லாம் ஒரே கோப்பில் வையுங்கள், காப்புறுதி மதிப்பு பேசும்போது உதவும்.

முதல் ஓட்டம்

காப்புறுதியும் சாலை வரியும் உயிரோடு இருக்கும் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கிளம்புங்கள். நான் செந்தூலிலிருந்து பத்துமலை வரை போய்த் திரும்புவேன். தூரம் குறைவு, சாலை அந்த நேரத்தில் காலி, நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வர ஆள் கிடைக்கும். தைப்பூச வாரத்தில் மட்டும் வேண்டாம்.

கிளம்பும் முன் தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் திரும்பி வந்து ஷூக்களைச் சரிசெய்யுங்கள். ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் பாருங்கள். சத்தத்துக்குப் பயப்படாதீர்கள், இந்த வண்டி எப்போதும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும். புதிதாகத் தொடங்கும் சத்தத்துக்கு மட்டும் காது கொடுங்கள்.

பத்துமலையில் நிறுத்தியதும் தேநீர்க் கடைக்குப் போகும் முன், நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அதன் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. எது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு தேநீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும், வண்டி நின்ற இடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்து, மறுநாள் காலையில் எந்தத் துளி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர்மேலே இருக்கும் போல்ட்டிலிருந்து அடுத்த வார வேலையைத் தொடங்குங்கள்.